நுரையீரலுக்கு வந்து சேர்ந்தவை

கலிஃபோர்னியாவில் இப்போது மாலை காபி நேரம். ஹூஸ்டனில் விளக்கு வைத்திருப்பீர்கள். எங்கள் நியூ ஜெர்சியில் இரவுச் சாப்பாட்டு வேளை. தட்டோடு உட்கார்ந்திருப்பவர்கள் முதலில் சாப்பிட்டு முடித்துவிடுங்கள், நான் பேசப்போவது நோயைப் பற்றி. இந்த அரங்கில் நாவலைப் பற்றியும் கல்வெட்டைப் பற்றியும் பேசிய பெரியவர்களுக்குப் பிறகு, நர்சிங் டிப்ளமோ படித்த ஒருத்தி வந்து உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு இலக்கிய வரலாறு சொல்லத் தெரியாது. இருபது வருடத்துக்கு மேல் நோயாளிகளின் படுக்கையருகே நின்றதால், ஒரு சொல்லின் வரலாறு மட்டும் கொஞ்சம் தெரியும்.

அந்தச் சொல்லுக்கு வருவதற்கு முன், நம்மவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் ஒரு கேள்வியைச் சொல்கிறேன். “அம்மா வாழ்க்கையிலே சிகரெட்டைத் தொட்டதில்லை. அப்பாகூடப் புகைத்ததில்லை. எப்படி சிஸ்டர் நுரையீரலில் புற்றுநோய் வரும்?” ஸ்கேன் அறிக்கையை கையில் வைத்துக்கொண்டு, பெரும்பாலும் மகளோ மருமகளோ கேட்பார்கள். ஆறு வருடத்துக்கு முன்னால் அம்மாவுக்கு மார்பில் அறுவை நடந்திருக்கும். அது முடிந்துபோன கதை என்று வீட்டில் எல்லோரும் நினைத்திருப்பார்கள். இப்போது நுரையீரலில் புள்ளிகள். இது புதிய நோய் என்று ஒரு மகன் சொல்வார். கைவிட்டுவிட்ட நோய் என்று இன்னொருவர் சொல்வார். இரண்டும் சரியில்லை.

மார்பிலிருந்து நுரையீரலுக்குப் போன புற்று, நுரையீரல் புற்றுநோய் ஆகாது. அது நுரையீரலில் இருக்கும் மார்பகப் புற்றுநோய். பயாப்ஸி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்தால், நுண்ணோக்கியில் தெரிவது மார்பகத்தின் செல். ஈஸ்ட்ரோஜனுக்குக் காதுகொடுக்கும் ஏற்பிகள் பிறந்த இடத்தில் இருந்தது போலவே பெரும்பாலும் அதன் மேல் இருக்கும். அப்படி இருந்தால், மூச்சுக்குழாயில் பிறந்த புற்றுக்குக் கொடுக்கும் மருந்தைக் கொடுக்கமாட்டார்கள். சிலருக்குத் தினமும் விழுங்கும் ஹார்மோன் மாத்திரையிலேயே அந்தப் புள்ளிகள் சுருங்குவதை நான் பார்த்திருக்கிறேன். பெயரைத் தவறாகச் சொன்னால் மருந்தும் தவறிவிடும்.

நாற்பது வருடம் எடிசனில் இருந்தாலும் சாம்பாருக்குப் பருப்பு வேகவைக்கிற நம்மைப் போலத்தான் அந்தச் செல்லும். நம்மைப் புற்றோடு ஒப்பிடுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். அந்தச் சொல்லே அப்படித்தான் இருக்கிறது. மெட்டாஸ்டாஸிஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கு இடம் மாறுதல் என்று பொருள். 1829-இல் பாரிஸில் ஜோசப் ரெக்காமியே என்ற மருத்துவர், புற்றுநோய் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவதைக் குறிக்க அதைப் பயன்படுத்தினார். பெயர் வந்துவிட்டது. எது போகிறது, எந்த வழியில் போகிறது, ஏன் அங்கே தங்குகிறது என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தேடத்தான் அடுத்த இருநூறு வருடம் ஆனது.

வழி மட்டும் ரெக்காமியேக்கு வெகு காலம் முன்பே தெரிந்திருந்தது. 13-ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல் நஃபீஸ், இதயத்தின் வலப்பக்கத்து ரத்தம் நுரையீரல் வழியாகத்தான் இடப்பக்கம் போகிறது என்று எழுதினார். ஐரோப்பாவில் அதை அச்சில் முதலில் சொன்னவர் மிகயேல் செர்வெட்டஸ், 1553-இல். அவர் அதை எழுதியது மருத்துவ நூலில் அல்ல, இறையியல் நூலில். தேவ ஆவி மனிதனின் ரத்தத்துக்குள் எப்படி வருகிறது என்று விளக்கப்போய், மூச்சும் ரத்தமும் கலக்கும் இடத்தை விவரித்தார். திரித்துவத்தை மறுத்ததற்காக அதே ஆண்டு அக்டோபரில் ஜெனீவாவில் அவரை உயிரோடு எரித்தார்கள். புத்தகத்தையும் எரித்தார்கள். அதில் மூன்று பிரதிகள் மட்டும் இன்று மிஞ்சியிருக்கின்றன. கிறிஸ்தவளாக இந்தப் பக்கத்தை நான் தலைகுனிந்துதான் படிக்கிறேன். 1628-இல் வில்லியம் ஹார்வி ரத்த ஓட்டம் முழுவதையும் நிறுவினார். 1661-இல் மல்பீகி தவளையின் நுரையீரலில் தந்துகிகளைக் கண்டார்.

அந்தத் தந்துகிகள்தான் நம் கதைக்கு முக்கியம். உடம்பின் எந்த மூலையிலிருந்து திரும்பும் ரத்தமும் வலப்பக்க இதயத்துக்கு வந்து, அங்கிருந்து நுரையீரலுக்குள் போக வேண்டும். நிமிடத்துக்குச் சுமார் ஐந்து லிட்டர், அதாவது நம் ரத்தம் முழுவதும். நுரையீரலின் தந்துகி ஒரு சிவப்பணு நெளிந்து போகிற அளவுக்குத்தான் அகலம். புற்றுச்செல் அதைவிடப் பெரியது. காபி வடிகட்டியில் தூள் நிற்பது போல அது அங்கே நின்றுவிடும். ஆகவே எலும்பிலோ, சிறுநீரகத்திலோ, விரையிலோ, தோலிலோ பிறந்த புற்று ரத்தத்தில் இறங்கினால், அது சந்திக்கும் முதல் சல்லடை நுரையீரல்.

குடலுக்கு வேறு வழி. குடலின் ரத்தம் முதலில் கல்லீரலுக்குப் போகிறது. அதனால் பெருங்குடல் புற்று முதலில் கல்லீரலில் தெரியும், பிறகு நுரையீரலில். ஆனால் மலக்குடலின் கீழ்ப்பகுதியிலிருந்து வரும் சிரைகள் கல்லீரலைத் தொடாமல் நேராக இதயத்தை நோக்கிப் போகின்றன. ஆகவே அங்கே பிறந்த புற்று, கல்லீரலை விட்டுவிட்டு நுரையீரலில் முதலில் தெரிவதுண்டு. ஒரு சாண் குடலுக்குள் இரண்டு வழிகள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை மலக்குடல் புற்றுநோயில் இறந்தார். அந்தத் துயரத்திலிருந்துதான் 1954-இல் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் பிறந்தது. அங்கே 1955-இல் சேர்ந்த டாக்டர் சாந்தா, முற்றிய நிலையில் வரும் நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து, சீக்கிரம் வாருங்கள் என்று வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

இனி, எது போகிறது என்ற கேள்வி. 19-ஆம் நூற்றாண்டின் பாதியில் பெர்லினின் ருடால்ஃப் விர்ச்சோ போன்ற மேதைகூட, ஏதோ ஒரு நச்சு நீர் பரவி அங்கிருக்கும் திசுவைக் கெடுக்கிறது என்றே எண்ணினார். செல்லே பயணம் செய்கிறது என்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் புலப்பட்டது. 1869-இல் ஆஸ்திரேலியாவில் தாமஸ் ஆஷ்வொர்த், புற்றில் இறந்த ஒருவரின் ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தபோது, கட்டியில் இருந்த அதே செல்கள் ரத்தத்திலும் இருப்பதைக் கண்டார். இன்று லட்சக்கணக்கான டாலர் கருவி வைத்துத் தேடுகிற செல்களை அவர் ஒரு கண்ணாடித் தகட்டில் கண்டுவிட்டார்.

மூன்றாவது கேள்விக்கு விடை தேடியவர் லண்டனின் ஸ்டீபன் பேஜெட். பெரிய அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பேஜெட்டின் மகன். 1889-இல் அவர் செய்தது, என்னைப் போன்ற ஒரு நர்சுக்கு மிகவும் பிடித்த வகை வேலை. புதிய கருவி ஒன்றும் கிடையாது. மார்பகப் புற்றில் இறந்த 735 பெண்களின் பதிவுகளை உட்கார்ந்து எண்ணினார். கல்லீரலில் பரவியிருந்தது 241 பேருக்கு. மண்ணீரலில் 17 பேருக்கு. மண்ணீரலுக்கும் கொழுத்த தமனி போகிறது, ரத்தம் அங்கும் பாய்கிறது. வழிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்றால் இந்த வேறுபாடு ஏன்? செடி விதை விடும்போது விதை எல்லாத் திசைக்கும் போகிறது, ஏற்ற மண்ணில் விழுந்தது மட்டுமே முளைக்கிறது என்று அவர் விளக்கம் சொன்னார். வியன்னாவின் கண் மருத்துவர் எர்ன்ஸ்ட் ஃபூக்ஸ் இதை முன்பே தொட்டிருக்கிறார் என்பதையும் மறைக்காமல் குறிப்பிட்டார்.

நான் ஓய்வுநாள் பள்ளியில் வளர்ந்தவள். விதைக்கிறவனின் உவமையை வண்ணப்படமாகச் சுவரில் மாட்டியிருப்பார்கள். வழியருகே விழுந்த விதை, பாறையில் விழுந்தது, முள்ளில் விழுந்தது, நல்ல நிலத்தில் விழுந்தது. பேஜெட்டைப் பற்றி முதலில் படித்தபோது அந்தப் படம்தான் கண்முன் வந்தது. ஒரே வேறுபாடு, இங்கே நல்ல நிலமாக இருப்பதுதான் துரதிர்ஷ்டம். வேத பாடத்தில் நாமெல்லாம் நல்ல நிலமாக வேண்டிக்கொள்வோம். நுரையீரலுக்காக வேண்டிக்கொண்டால் பாறையாக இரு என்றுதான் வேண்ட வேண்டும்.

இந்தக் கருத்து உடனே வென்றுவிடவில்லை. நியூயார்க்கின் ஜேம்ஸ் யூவிங், அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவத்தின் பெரும் தலை, 1920-களில் அதை ஒதுக்கிவைத்தார். ரத்தமும் நிணநீரும் போகும் வழியே போதும், மண் எதற்கு என்பது அவர் கட்சி. 1940-இல் ஆஸ்கார் பேட்ஸன் முதுகெலும்பை ஒட்டிய சிரைகளில் ரத்தம் இருபக்கமும் போகக்கூடும் என்று காட்டினார். புராஸ்டேட் புற்று நுரையீரலைத் தாண்டாமலே முதுகெலும்பில் இறங்குவதற்கு அது விளக்கமாக இருந்தது. யூவிங்கின் கட்சிக்கு இன்னொரு சான்று. மண் என்ற பேச்சு ஏறத்தாழ மறக்கப்பட்டது.

மண்ணை மீட்டவர் ஒரு கால்நடை மருத்துவர். ஐசையா ஃபிட்லர், 1936-இல் எருசலேமில் பிறந்தவர், அமெரிக்கா வந்து கால்நடை மருத்துவம் படித்தார். நாய்களின் கட்டியை அறுத்து எடுத்தாலும் அவை நுரையீரலில் பரவி இறப்பதைப் பார்த்தவர். 1970-இல் எலியின் தோல் புற்றுச்செல்களில் கதிரியக்க அயோடினை ஏற்றி, ரத்தத்தில் செலுத்தி, அவற்றுக்கு என்ன ஆகிறது என்று எண்ணினார். 24 மணி நேரத்தில் உயிரோடு மிஞ்சியவை ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. கட்டியாக வளர்ந்தவை பத்தாயிரத்தில் ஒன்றுகூட இல்லை. இதை நான் நோயாளிகளிடம் சொல்வதுண்டு. உங்கள் உடம்பு கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை, வந்து இறங்கியவற்றில் ஏறத்தாழ எல்லாவற்றையும் அது கொன்றிருக்கிறது.

பிறகு 1980-இல் இயன் ஹார்ட்டும் ஃபிட்லரும் செய்த ஒரு சோதனை இருக்கிறது. எனக்கு இந்த வரலாறு முழுவதிலும் மிகப் பிடித்த சோதனை அது. எலியின் தொடைத் தசைக்குள் நுரையீரல் துண்டு, சினைப்பைத் துண்டு, சிறுநீரகத் துண்டு என்று தனித்தனியாகப் பதியம் போட்டார்கள். ரத்தநாளங்கள் அவற்றுக்குள் வளரும்வரை காத்திருந்தார்கள். பிறகு தோல் புற்றுச்செல்லை ரத்தத்தில் விட்டார்கள். எல்லாத் துண்டுகளிலும் செல்கள் போய் நின்றன. ஆனால் கட்டி வளர்ந்தது நுரையீரல் துண்டிலும் சினைப்பைத் துண்டிலும்தான். சிறுநீரகத் துண்டில் இல்லை. தொடையில் இருந்தாலும் நுரையீரல் நுரையீரல்தான், அதன் மண் அதனுடையது. பேஜெட் எண்ணிய எண்களுக்கு 91 ஆண்டுகள் கழித்துச் சோதனைச் சாட்சி கிடைத்தது.

கறிவேப்பிலை வளர்த்துப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே தாய்ச்செடியின் கன்றுதான். ஹூஸ்டனில் தரையில் வைத்தால் ஆளுயரத்துக்கு மேலே போகிறது. என் வீட்டில் தொட்டியில் வைத்து, அக்டோபர் வந்தால் பிள்ளையைத் தூக்குவது போல உள்ளே தூக்கிவர வேண்டியிருக்கிறது.

ஃபிட்லர் 1983-இல் அதே ஹூஸ்டனுக்கு, எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்துக்கு வந்து, 2020-இல் இறக்கும்வரை இந்த ஒரே கேள்வியைச் சுற்றி ஒரு தலைமுறை ஆய்வாளர்களை வளர்த்தார். வழியா மண்ணா என்ற வழக்கில் இன்று தீர்ப்பு இரண்டு பக்கமும்தான். எங்கே போய் நிற்கும் என்பதைப் பெரும்பாலும் வழி சொல்கிறது. அங்கே பிழைக்குமா என்பதை மண் சொல்கிறது.

வந்த செல் தன் பிறப்பை மறப்பதில்லை என்று முதலில் சொன்னேன். அதற்கு ஒரு பழைய சான்று உண்டு. 1940-களின் தொடக்கத்தில் நியூயார்க் மான்டிஃபியோர் மருத்துவமனைக்கு ஒருவர் வந்தார். அவருடைய தைராய்டை எப்போதோ அகற்றிவிட்டார்கள். ஆனால் தைராய்டு அதிகமாகச் சுரப்பவர் போல இளைத்துப் படபடத்துக் கிடந்தார். சுரப்பியே இல்லாதவருக்கு எங்கிருந்து சுரக்கிறது? உடம்பின் பிற இடங்களில் பரவியிருந்த தைராய்டுப் புற்றுச்செல்கள் அங்கே இருந்துகொண்டு தங்கள் பழைய தொழிலைச் செய்துகொண்டிருந்தன. சாமுவேல் சைட்லின் என்ற மருத்துவர் 1943-இல் அவருக்குக் கதிரியக்க அயோடின் கொடுத்தார். தைராய்டுச் செல்லுக்கு அயோடின் என்றால் விடாது. எங்கே இருந்தாலும் குடித்தது, குடித்த நஞ்சாலேயே சுருங்கியது. நுரையீரல் முழுக்கத் தைராய்டுப் புற்று தூவினாற்போலப் பரவிய இளம் நோயாளிகளுக்கு இன்றும் இதே வைத்தியம்தான், அவர்களில் பலர் நெடுங்காலம் வாழ்கிறார்கள். அந்த நிழல்களுக்கு நுரையீரல் புற்று என்று பெயர் வைத்திருந்தால் யாரும் அயோடினைத் தேடியிருக்க மாட்டார்கள்.

இப்போது நம் ஊர்ப்பக்கத்து ஆள் ஒருவர் வருகிறார். எல்லாப்ரகட சுப்பாராவ், 1895-இல் பீமவரத்தில் பிறந்தவர். தெலுங்கர்தான், ஆனால் படித்தது சென்னையில், மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில். காந்தி சொன்னார் என்று கதரில் அறுவை அங்கி தைத்துப் போட்டுக்கொண்டு போனதால் வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தவர். டிப்ளமோக்காரியான எனக்கு இந்த இடத்தில் அவர்மேல் தனிப் பாசம் உண்டு. பாஸ்டனுக்குக் கப்பலேறி, ஹார்வர்டில் உழைத்து, அங்கே நிரந்தர இடம் கிடைக்காமல், 1940-இல் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி ஆய்வகத்துக்கு வந்தார். பேர்ல் ரிவர் நியூயார்க் மாநிலம் என்றாலும் ஊர் முடியும் இடத்தில் நியூ ஜெர்சி தொடங்கிவிடும். அந்தச் சாலை வழியே போகும்போதெல்லாம் நான் வண்டியின் வேகத்தைக் கொஞ்சம் குறைப்பேன்.

அங்கே அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைத் தொகுத்தது. அதைப் போலவே தோற்றம் காட்டி, செல்லை ஏமாற்றும் எதிர் மருந்துகளையும் செய்தது. அமினோப்டெரின் அவற்றில் ஒன்று. அதைக் கொண்டுதான் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ரத்தப்புற்று வந்த குழந்தைகளுக்குத் தற்காலிகமாகவேனும் உயிர் கொடுத்தார். அதன் தங்கைதான் மெத்தோட்ரெக்ஸேட். 1948 ஆகஸ்டில் சுப்பாராவ் தூக்கத்தில் இறந்துபோனார், வயது 53. தன் மருந்து எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்க்க அவர் இல்லை.

அது போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று, ஓர் இளம்பெண்ணின் நுரையீரல். 1956, மேரிலாந்தில் பெதெஸ்டாவின் தேசிய சுகாதார நிறுவனம். அவருக்குக் கோரியோகார்சினோமா. கருவுற்றபின் நஞ்சுக்கொடித் திசுவிலிருந்து பிறக்கும் புற்று அது, மிக வேகமாக நுரையீரலுக்கு ஏறிவிடும். மூச்சுவிட முடியாமல், நுரையீரலில் ரத்தம் கசிந்துகொண்டிருந்த நிலை. சீனாவிலிருந்து வந்த மின் சியூ லீ என்ற மருத்துவர், ராய் ஹெர்ட்ஸோடு சேர்ந்து மெத்தோட்ரெக்ஸேட் கொடுத்தார். அடுத்தடுத்த எக்ஸ்-ரேக்களில் அந்த நிழல்கள் மறைந்தன. ரத்தப்புற்று அல்லாத ஒரு கட்டி, அதுவும் நுரையீரலில் பரவிய பிறகு, மருந்தால் மட்டுமே குணமானது அதுவே முதல் முறை. நுரையீரலுக்குப் போய்விட்டது என்றால் முடிந்தது என்று நம் வீடுகளில் குரலைத் தாழ்த்திச் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த 1956 நினைவு வரும்.

லீயின் கதை அத்தோடு முடியவில்லை. எக்ஸ்-ரே வெள்ளையடித்தாற்போல் சுத்தமாகிவிட்ட பிறகும் நோயாளிகளின் சிறுநீரில் ஹெச்.சி.ஜி. ஹார்மோன் கொஞ்சம் மிச்சமிருப்பதை அவர் கவனித்தார். கண்ணுக்குத் தெரியாத செல்கள் எங்கோ இருக்கின்றன என்று முடிவுசெய்து, அந்த எண் பூஜ்யமாகும்வரை மருந்தை நிறுத்தவில்லை. கட்டியே இல்லாதவருக்கு நஞ்சு கொடுக்கிறான் என்று மேலிடம் கோபப்பட்டது. 1957-இல் அவரை வேலையை விட்டுப் போகச் சொன்னார்கள். காலம் போனபிறகு பார்த்தால், அவர் பூஜ்யம்வரை கொண்டுபோனவர்களுக்கு நோய் திரும்பவில்லை. முன்னதாக நிறுத்தியவர்களுக்குத் திரும்பியது. 1972-இல் லாஸ்கர் விருது பெற்றவர்களில் அவரும் ஒருவர். நானாக இருந்தால் விருதோடு மன்னிப்புக் கடிதம் ஒன்றும் கேட்டிருப்பேன்.

அதே மருந்து இன்னொரு நோயிலும் வேலை செய்தது. எலும்பில் பிறக்கும் ஆஸ்டியோசார்க்கோமா, வளரும் பிள்ளைகளின் முழங்காலருகே வருவது. காலையே வெட்டி எடுத்தாலும் பத்தில் எட்டுப் பிள்ளைகள் நுரையீரல் பரவலில் இறந்த காலம் ஒன்று இருந்தது. வெட்டும் நாளிலேயே விதை போய் இறங்கிவிட்டது, படத்தில் தெரியவில்லை, அவ்வளவுதான். 1970-களின் தொடக்கத்தில் பாஸ்டனில் நார்மன் ஜாஃபியும் தோழர்களும், சாதாரணமாகக் கொடுத்தால் ஆளையே கொன்றுவிடும் அளவு மெத்தோட்ரெக்ஸேட்டைக் கொடுத்து, பிறகு லியூக்கோவாரின் என்ற மாற்று மருந்தால் நல்ல செல்களைக் காப்பாற்றிப் பார்த்தார்கள். நுரையீரலின் நிழல்கள் சுருங்கின. ஜாஃபி பிறகு ஹூஸ்டனுக்கு வந்து அந்த வேலையைத் தொடர்ந்தார்.

இந்தச் சிகிச்சையில் நர்சுகளின் பங்கைச் சொல்லாமல் போனால் என் சக ஊழியர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். மருந்து ஏறத் தொடங்கி 24 மணி நேரத்தில் லியூக்கோவாரின் தொடங்க வேண்டும், பிறகு ஆறு மணிக்கொருமுறை. இங்கே காலை ஆறு மணி என்றால் ஆறு மணிதான். பிள்ளை தூங்குகிறது என்று விட முடியாது. சிறுநீர் காரத்தன்மையோடு இருக்க வேண்டும், இல்லையென்றால் மருந்து சிறுநீரகத்தில் படிகமாகி அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் தாளை முக்கி நிறத்தைப் பார்ப்போம். அறிவியல் வரலாற்றில் பெரிய பெயர்களெல்லாம் வருகின்றன. விடியற்காலை மூன்று மணிக்கு அந்தத் தாளைப் பார்த்தவர்களின் பெயர் எங்கும் இல்லை.

கத்திக்கும் ஒரு பங்குண்டு. 1939-இல் பாஸ்டனின் பார்னியும் சர்ச்சிலும் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். சிறுநீரகப் புற்று, நுரையீரலில் ஒரே ஒரு கட்டி. இரண்டையும் அறுத்தெடுத்தார்கள். அவர் 20 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, கடைசியில் இதய நோயில் இறந்தார். பரவலில் எண்ணிக்கையும் முக்கியம், வேகமும் முக்கியம் என்பது அப்போதிலிருந்து மருத்துவர்கள் மனதில் பதிந்தது. எல்லோருக்கும் இது பொருந்தாது. நுரையீரல் முழுக்கப் பீரங்கிக் குண்டுகள் போல உருண்டைகள் தெரியும் படங்களில் கத்தியை யாரும் எடுப்பதில்லை.

டெக்சாஸில் இருப்பவர்கள் ஆஸ்டின்காரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கைக் கேட்பீர்கள் என்று தெரியும். 1996 அக்டோபரில், 25 வயதில், இருமலில் ரத்தம் வந்த பிறகு கண்டுபிடித்தார்கள். விரைப் புற்று, வயிற்றிலும் நுரையீரலிலும் மூளையிலும் பரவியிருந்தது. விரைப் புற்றைச் சிஸ்பிளாட்டின் என்ற மருந்தால் குணப்படுத்தலாம் என்று 1970-களிலேயே லாரன்ஸ் ஐன்ஹார்ன் இண்டியானாவில் காட்டியிருந்தார். ஆர்ம்ஸ்ட்ராங் அங்கேதான் போனார். வழக்கமான கூட்டில் ப்ளியோமைசின் என்ற மருந்து உண்டு, அது நுரையீரலைக் கெடுக்கக்கூடியது. சைக்கிள் ஓட்டுபவருக்கு நுரையீரல்தான் பிழைப்பு என்பதால் அதை விட்டுவிட்டு வேறொன்றைச் சேர்த்தார்கள். நிழல்கள் மறைந்தன. பிறகு வென்ற பட்டங்களையெல்லாம் ஊக்கமருந்துக்காக 2012-இல் பறித்துக்கொண்டார்கள், அது சரியும்கூட. ஆனால் சுத்தமான அந்த நுரையீரல் படத்தை யாராலும் பறிக்க முடியாது. அது ஊக்கமருந்தால் வந்ததில்லை.

விரைப் புற்றுக்கும் கோரியோகார்சினோமாவுக்கும் நடப்பது மார்பகத்துக்கும் குடலுக்கும் அப்படியே நடப்பதில்லை. அவற்றில் பரவல் வந்தபின் பெரும்பாலும் வருடங்களைக் கூட்டுகிறோம், முழுக்க ஒழிப்பது அரிது. நோயாளி கேட்டால் இதை மறைக்கக் கூடாது. கேட்காதவரிடம் வலிந்து சொல்லவும் கூடாது. ஆனால் “எங்கிருந்து வந்தது?” என்ற கேள்வியை மருத்துவரிடம் கேளுங்கள் என்று வீட்டார் எல்லோரிடமும் நான் சொல்வேன். முதல் பயாப்ஸியின் அறிக்கை ஊரில் எந்த ஆஸ்பத்திரியில் இருந்தாலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலோ மதுரையிலோ இருக்கும் அந்த ஒற்றைக் காகிதம் இங்கே பல நாள் அலைச்சலை மிச்சமாக்கும்.

கடைசியாகக் கலிஃபோர்னியா நண்பர்களின் ஊருக்கு. ஆஷ்வொர்த்தும் பேஜெட்டும் இறந்தவர்களிடமிருந்துதான் கற்றார்கள். 2016-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மாத்யூ க்ரம்மெல் குழு, மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும் எலியின் நுரையீரலில் புற்றுச்செல் வந்து இறங்குவதை நேரடியாகப் பார்த்தது. வந்து மாட்டிக்கொண்ட சில நிமிடங்களிலேயே, ரத்தம் இழுக்கிற இழுப்பில் அந்தச் செல்லிலிருந்து துணுக்குகள் பிய்ந்து போகின்றன. நோய் எதிர்ப்புச் செல்கள் அலையலையாக வந்து அந்தத் துணுக்குகளை விழுங்குகின்றன. விழுங்கியவற்றில் ஒரு வகை, புற்று பிழைக்க உதவுகிறது. அரிதான இன்னொரு வகை, நுரையீரலைக் காக்கிறது. மண் என்று பேஜெட் சொன்னதற்குள் இத்தனை பேர் நடமாடுகிறார்கள்.

விழுந்த விதை உடனே முளைக்க வேண்டும் என்பதுமில்லை. ஆறு வருடம் கழித்துத் திரும்பிய அந்த அம்மாக்களின் நுரையீரலில் அது இத்தனை நாளும் தூங்கிக்கொண்டு இருந்திருக்கலாம். எது எழுப்புகிறது என்பதே இப்போதைய தேடல். 2018-இல் நியூயார்க்கின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தினர், புகையிலைப் புகையால் எலியின் நுரையீரலில் நீடித்த அழற்சி உண்டானால், வெள்ளையணுக்கள் விரிக்கும் வலைகள் அங்கே தூங்கும் புற்றுச்செல்லைத் தட்டி எழுப்புவதைக் கண்டார்கள். ஆக, சிகரெட் தொட்டதேயில்லை என்று மகள் சொன்னது முற்றிலும் பொருத்தமில்லாத பேச்சும் இல்லை. 2025-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், இன்ஃப்ளுயென்சாவும் கோவிட் கிருமியும் எலி நுரையீரலில் தூங்கிக்கொண்டிருந்த மார்பகப் புற்றுச்செல்களைச் சில நாட்களிலேயே எழுப்பின. புற்றிலிருந்து மீண்ட மனிதர்களின் பதிவுகளிலும், கோவிட் வந்தவர்களுக்குப் பரவல் ஆபத்து கூடியிருந்ததற்கான தடயங்கள் தெரிந்தன. 2020-இன் அந்த மாதங்களில் எங்கள் வார்டில் இருமிக்கொண்டு படுத்திருந்தவர்களில் எத்தனை பேர் பழைய மார்பகப் புற்றுக்காரர்கள் என்று நான் இப்போதுதான் யோசிக்கத் தொடங்கியிருக்கிறேன்.

நேரம் ஆகிவிட்டது. கேள்விகளுக்குப் போகலாம்.